தூண்டில் இல்லாத கை: தோட்டப்புறப் பட்டணத்தில் கிறிஸ்தவச் சாட்சி

மலேசியாவில் சுங்கை சிப்புட், பாகான் செராய், பத்தாங் பெர்ஜுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயா போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தைப் பற்றி அக்கம்பக்கத்தார் எடைபோடுவது ஞாயிறு ஆராதனையை வைத்து அல்ல. மளிகைக் கடைக் கணக்கை மாதா மாதம் தீர்க்கிறார்களா, மாடிப்படியில் பாட்டி விழுந்தால் கதவைத் திறக்கிறார்களா, புல்வெட்ட வந்தவருக்கு அன்றைக்கே கூலி கொடுக்கிறார்களா என்பதை வைத்துத்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) எழும்பிய இடங்கள் இவை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தவர்களே இன்று மலிவு விலை அடுக்குமாடியில் மேலும் கீழுமாக இருக்கிறார்கள். யார் வீட்டில் என்ன நடந்தது என்பது தாத்தா காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும்.

கணக்கிலும் இவர்கள் சிறியவர்கள். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் 86.2 விழுக்காட்டினர் இந்துக்கள், 6.0 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆகவே ஒரு கிறிஸ்தவக் குடும்பம் செய்யும் உதவி பெரும்பாலும் இந்து வீட்டுக்கே போகிறது. அந்த வீட்டில் உடனே எழும் கேள்வி, "இதுக்குப் பின்னால என்ன இருக்கு?" அரிசி மூட்டையைக் காட்டி மதம் மாற்றினார்கள் என்ற பேச்சு தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்த சமூகத்தில் இந்தச் சந்தேகத்தைக் குறை சொல்ல முடியாது. சில இடங்களில் அதற்குக் காரணமாக நடந்துகொண்டவர்களும் உண்டு. உதவிக்குள் தூண்டில் இல்லை என்று தெரிந்தால்தான் அது சாட்சி ஆகும். அதைப் பேசிப் புரியவைக்க முடியாது. உதவி செய்யும் முறையில்தான் தெரியும்.

மத்தேயு நற்செய்தியிலேயே இதற்கு இரண்டு கட்டளைகள் இருக்கின்றன, பார்த்த மாத்திரத்தில் மோதுவதுபோல. ஐந்தாம் அதிகாரம் 16ஆம் வசனம், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் காணும்படி வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்கிறது. அடுத்த அதிகாரமோ, தர்மம் செய்யும்போது முன்னே தாரை ஊதாதே, வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்கிறது. நடைமுறையில் மோதல் எதுவும் இல்லை. முதல் வசனத்தின் முடிவையும் சேர்த்துப் படித்தால் மகிமை பரலோகப் பிதாவுக்கு. செய்தவருக்கு அல்ல, சபைக்கும் அல்ல. அக்கம்பக்கம் தானாகக் கண்டுகொள்வது வேறு, நாமே படம் எடுத்துக் காட்டுவது வேறு. சபையின் பெயர் அச்சிட்ட பதாகைக்கு முன்னால் ஒரு விதவைத் தாயை நிறுத்தி, கையில் அரிசிப் பையைக் கொடுத்து, புலனத்திலும் (வாட்ஸ்அப்) முகநூலிலும் போடுகிறோமே, அதுதான் இந்தக் காலத்துத் தாரை. நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்றால் கடை ரசீதைக் காட்டலாம். பெற்றவர் முகம் எதற்கு?

தர்மத்துக்கு முன்னால் கடன் வருகிறது. கூலிக்காரனுடைய கூலியைப் பொழுது போகுமுன் கொடு என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும், கூரை சரிசெய்ய வந்த தம்பிக்கும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்பவர் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கும் பலகாரத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. கூட்டு, அதாவது பலர் மாதா மாதம் பணம் போட்டு முறை வைத்து எடுக்கும் சீட்டு, பிடிப்பதும் இப்படித்தான். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இருந்தும் ஊருக்கு ஊர் நடக்கிறது. சபையில் மூப்பராகவோ பெண்கள் சங்கத் தலைவியாகவோ இருப்பவர் அதை நடத்தி, நடுவில் ஒருவர் பணத்தோடு காணாமல் போனால், பத்து வருடம் கட்டிய நல்ல பெயர் ஒரே மாதத்தில் போய்விடும். கடன் கேட்டு வருபவர் விஷயத்தில், திரும்ப வராவிட்டாலும் மனம் கசக்காத தொகையை மட்டும் கொடுப்பது நல்லது, அதுவும் கடன் என்று சொல்லாமல். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரரிடம் மாட்டியவருக்காக அடையாளக் கார்டைக் கொடுத்துப் பிணை நிற்பது இரக்கம் ஆகாது. ஒரு வீட்டுத் தொல்லை இரண்டு வீட்டுத் தொல்லை ஆவதுதான் மிச்சம். போலீஸில் புகார் கொடுக்கத் துணைக்குப் போவது, வீட்டுப் பிள்ளைகளை இரண்டு நாள் தங்கவைப்பது, இவைதாம் அங்கே உதவி.

இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை இந்தக் கண்ணோடு படித்தால் அதில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்று தெரியும். கள்ளர் அடித்து வழியில் போட்டுவிட்டுப் போன ஒருவனுக்கு அந்தச் சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். இரவு கூடவே இருந்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் திராட்சத்தோட்ட வேலையாளுக்கு ஒரு நாள் கூலி ஒரு பணம். ஆக இது இரண்டு நாள் கூலி. 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆன குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்தால் ஒரு நாளுக்குச் சுமார் 65 வெள்ளி. எனவே சமாரியன் கொடுத்தது இன்றைய கணக்கில் ஏறக்குறைய 130 வெள்ளி. தோட்டத் தொழிலாளி குடும்பமும் நெருக்கடியில் புரட்டிவிடக்கூடிய தொகை. கதையில் அதைவிடக் கனமானவை கொடுத்த நேரமும், திரும்பி வருவேன் என்ற வாக்கும்.

உணவுப் பொட்டலத்தில் நல்ல மனதோடு செய்யும் தவறு அதிகம். வழக்கமான கிறிஸ்துமஸ் கூடையில் சீனி, கட்டிப்பால், மைலோ, பிஸ்கட், இனிப்புப் பானம் இருக்கும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்கு நெருங்கிவரும் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் அந்தக் கூடை எத்தனை வீட்டில் நோயை வளர்க்கிறது என்று புரியும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு 5 கிலோ அரிசி, 1 கிலோ பருப்பு, பச்சைப்பயறு அரைக் கிலோ, ஆட்டா மாவு 1 கிலோ, 2.50 வெள்ளிக்கு விற்கும் மானிய எண்ணெய் இரண்டு பாக்கெட், வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய்த் தூள் போதும். முட்டையும் நெத்திலிக் கருவாடும் டின் சார்டினும் சேர்க்கும்முன் சைவமா என்று கேட்க வேண்டும். பால்மாவு கொடுப்பதானால் குழந்தை எதைக் குடிக்கிறது என்று கேட்டு அதே வகையை வாங்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் வயிற்றைக் கெடுக்கலாம். பையைக் கொண்டுபோவது மாலை ஐந்துக்கு மேல். விடிவதற்கு முன்பே எழுந்து தோட்டத்து வெட்டு வேலைக்குப் போனவர்கள் மதியம் தூங்குவார்கள். இரவு ஷிப்ட் முடித்த தொழிற்சாலைப் பிள்ளைகள் காலையில் தூங்குவார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்காரவும் வேண்டாம்.

சமைத்துக் கொடுப்பதானால் மாட்டிறைச்சி சமைக்கும் பாத்திரத்தை ஒதுக்கிவிடுங்கள். வெள்ளிக்கிழமையும் புரட்டாசி மாதமும் மறக்கக்கூடாதவை. மலாய் அண்டை வீட்டாருக்கு ஹலால் முத்திரை உள்ள, பிரிக்காத பொருளே நல்லது. வீட்டுச் சட்டியைப் பற்றி அவர்கள் சங்கடத்தோடு யோசிக்க வேண்டியிராது. அங்கே வசனச் சீட்டோ கைப்பிரதியோ கூடவே கூடாது. முஸ்லிம்களிடையே பிற சமயத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11(4)ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பல மாநிலங்களில் அதற்கென்று சட்டமும் உண்டு. சட்டம் இருக்கட்டும், இந்து வீட்டுப் பையிலும் சீட்டு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பையில் சீட்டு இருந்தால் அரிசியை ஏற்பது சீட்டையும் ஏற்பதாகிவிடுகிறது.

இவற்றையெல்லாம்விடத் தோட்டப்புறத்தில் ஆழமான தேவை கூடப் போவது. ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் ஆள் துணை. அரசாங்கக் கிளினிக்கில் குடிமகனுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணத்துவ மருத்துவரிடம் 5 வெள்ளி. காசு அங்கே பெரிய தடை இல்லை; போய்வர காடி (கார்) இல்லாததும், அரை நாள் சம்பளம் போவதும், மலாய்ப் படிவம் புரியாததும்தான் தடை. நீண்ட நாள் மருந்துகளை மாதத்துக்கு ஒருமுறை பகுதி பகுதியாகக் கொடுப்பது வழக்கம் என்பதால், மருத்துவரைப் பார்க்காத மாதத்திலும் மருந்துக்காகப் போயே ஆக வேண்டும். நோயாளியின் மருந்துச் சீட்டையும் சிகிச்சைப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வேறொருவர் போய் மருந்தை எடுத்து வரலாம். ஒரு தாமானில் ஐந்து முதியவர்களின் மருந்து நாள்களை நாள்காட்டியில் குறித்துவைத்து ஒருவர் மாதம் இரண்டு முறை போய்வந்தால், ஐந்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலை நாள் மிஞ்சும். இன்சுலின் எடுத்துவந்தால் ஐஸ் கட்டி போட்ட பையில், ஐஸ் நேராகப் படாமல் துணி சுற்றி வைக்க வேண்டும். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி தேவை. வெயிலில் நிறுத்திய காடிக்குள் விட்டாலும் கெடும், உறைந்தாலும் கெடும். உறைந்ததை உருக்கிப் போடக்கூடாது. பட்டினி ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும் நாளில் பசியாற இரண்டு இட்லியைக் கட்டிக்கொண்டு போங்கள். ரத்தம் எடுத்த பிறகும் கவுண்டரில் நம்பர் கூப்பிட நேரமாகும். சர்க்கரை நோயாளிக்கு அந்த இடைவெளியில்தான் மயக்கம் வரும். காலையில் ஊசியும் மாத்திரையும் போடலாமா என்பதை முந்தின வருகையிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பத்திரங்கள் இன்னும் பெரிய விஷயம். தீபகற்பத்தில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு, கூடுதல் ஆதாரம், நேர்காணல் என்று இழுக்கும். 12 வயதில் மைகார்ட் எனும் அடையாளக் கார்டு. இந்த வரிசையில் முதல் படி தவறினால் பள்ளி, பரீட்சை, வங்கிக் கணக்கு, ஊழியர் சேமநிதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடைபடும். அடிவேர் பல சமயம் பெற்றோரின் திருமணத்தில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, விருந்தும் போட்டு, பதிவை மறந்துவிட்ட குடும்பங்கள் உண்டு. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு குடியுரிமையில் தாயின் நிலைதான் வரும். தாயிடமே பத்திரம் இல்லையென்றால், தகப்பன் குடிமகனுக்கான நீல அடையாளக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை நடுவில் நிற்கும். பிறகு பதிந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஆகாமல் போகலாம். எனவே கல்யாண வயதுப் பிள்ளைகள் உள்ள வீட்டில் "எப்ப பதியப் போறீங்க?" என்று உரிமையோடு கேட்பதும், வேலை நாளில் பதிவு இலாகாவுக்குக் கூட்டிப் போவதும் பிற்காலத்தில் ஒரு பேரப்பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும். பதிவு அதிகாரம் பெற்ற போதகர்களும் கோயில்களும் சில ஊர்களில் உண்டு. அங்கே மணமகன் மணமகள் இருவரின் கார்டுகளோடு முன்கூட்டியே போய்க் கேட்க வேண்டும்.

இந்த வேலைக்குத் தேவையான கருவி ஐந்து வெள்ளி பிளாஸ்டிக் கோப்பு ஒன்று. தாய் தகப்பன் அடையாளக் கார்டு, திருமணப் பத்திரம், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிறப்பு உறுதிக் கடிதம், கர்ப்பகாலப் பரிசோதனைப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு நகல். முதல் பக்கத்தில் ஒரு தாள்: எந்தத் தேதியில் எந்தக் கவுண்டருக்குப் போனது, அங்கே என்ன கேட்டார்கள், அடுத்து எப்போது. அசல் பத்திரம் எப்போதும் குடும்பத்தாரின் கையிலேயே இருக்க வேண்டும். உதவி செய்பவர் அசலை வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைப்பது அடிக்கடி நடக்கிறது, பிறகு அது காணாமல் போவதும் நடக்கிறது. அத்தோடு நட்பு முறியும். கவுண்டரில் பேசும்போதும் பக்கத்தில் நின்று அவரையே பேசவிடுங்கள். அடுத்த தடவை அவரே தனியாகப் போகும் துணிவு அதனால்தான் வரும்.

பிள்ளைகளுக்கு இலவச டியூஷன் நடத்தும் சபைகள் பல. இங்கேதான் நம்பிக்கை சீக்கிரம் உடைகிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரே அல்லது காப்பாளரே தீர்மானிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 12(4). கணக்குப் பாடம் என்று அழைத்துவிட்டு முதல் கால் மணி நேரம் பாட்டும் ஜெபமும் வைத்தால் அது ஏமாற்று. ஜெபம் வேண்டும் என்றால் அதைத் தனி நேரத்தில், தனிப் பெயரில், பெற்றோர் தெரிந்து அனுப்பும்படி வையுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பெரியவர்கள், திறந்த கதவு, ஜன்னல் திரை இல்லாத அறை, யாரும் எந்தப் பிள்ளையையும் தனியாக மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போகக்கூடாது. போதகராக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை.

துக்க வீட்டில் செய்ய வேண்டியதில் சந்தேகமே இல்லை: நாற்காலி, கூடாரம், வரக்காப்பி, தண்ணீர்ப் புட்டிகள், வெளியூரிலிருந்து வருபவர்களுக்குப் படுக்க இடம். இந்துச் சடங்கு நடக்கும் நேரத்தில் தலையைத் தாழ்த்தி ஓரமாக நிற்கலாம். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டால் "நான் இங்கேயே நின்னுக்கிறேண்ணே" என்றால் புரிந்துகொள்வார்கள். அந்த நேரத்தில் நித்திய ஜீவன் பற்றிப் பேசுவது அநாகரிகம். மரணத்தைப் பதிவதும், அடக்கம் செய்யும் அனுமதிச் சீட்டு வாங்குவதும், சொக்சோவுக்கும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சேமநிதிக்கும் போவதும் எழவு நடந்த வாரத்தில் எந்தக் குடும்பத்துக்கும் தலை சுற்றும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவெல்லாம் போன பிறகு, மூன்றாவது வாரத்தில் அந்தக் கோப்போடு போய் உட்காருபவர்தான் அவர்களுக்கு வேண்டும். இன்னொரு பக்கம், குடும்பத்தில் தான் ஒருவர் மட்டுமே கிறிஸ்தவராக இருப்பவர் தன் அடக்க ஆராதனை எப்படி நடக்க வேண்டும் என்பதை உயிரோடிருக்கும்போதே எழுதி, பிள்ளைகளிடமும் அண்ணன் தம்பிகளிடமும் சொல்லி வைக்க வேண்டும். அதைச் செய்யாததால் சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே சபையும் உறவும் மல்லுக்கு நின்ற சம்பவங்கள் தோட்டப்புறத்தில் புதிதல்ல.

பிரசாதம் அடிக்கடி வரும் கேள்வி. பவுல் 1 கொரிந்தியர் 10இல் சொல்வது இரண்டு பக்கமும் கூர்மையானது. அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் முன்னே வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு. இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சியை நினைத்துச் சாப்பிடாதே. தீபாவளி முறுக்கை எங்கே வைத்து எடுத்தார்கள் என்று துருவிக் கேட்பது பவுல் சொன்ன வழி அல்ல. கோயில் பிரசாதம் என்று சொல்லி நீட்டினால், "அக்கா, நீங்க நினைச்சு கொண்டு வந்ததே போதும். நாங்க இதை எடுத்துக்கிறதில்ல, மனசுல வச்சுக்காதீங்க. உள்ள வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று சொல்லலாம். வாங்கிக் குப்பையில் போடுவதுதான் மிக மோசம். குப்பைத் தொட்டி பொதுவானது, யாராவது பார்ப்பார்கள். சபைக்குச் சபை நிலைப்பாடு மாறும். ஆனால் பண்டத்தை மறுக்கும்போது ஆளை மறுக்காமலிருக்க எல்லாச் சபையாராலும் முடியும். பலகாரத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது காலியாகக் கொடுக்காதீர்கள்.

இப்படியே சில வருடம் போனால் யாராவது ஒருநாள் "ஏன் இவ்வளவு செய்றீங்க?" என்று கேட்பார்கள். 1 பேதுரு 3:15 இந்த நேரத்துக்கானது: கேட்கிறவர்களுக்கு, சாந்தத்தோடும் வணக்கத்தோடும். இரண்டு மூன்று வாக்கியம் போதும், நேர்மையாக. "இயேசு எங்களுக்குச் செஞ்சதுல ஒரு பங்குதான் தம்பி. எங்க வீட்டுலயும் கஷ்டம் வந்தப்ப ஊர்க்காரங்கதான் பார்த்தாங்க." அவர் மேலும் கேட்டால் மேலும் சொல்லலாம். பேச்சை மாற்றினால் விட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் மருந்து வாங்கப் போகும்போது அதே பேச்சை எடுத்தால் காடிக்குள் மாட்டிக்கொண்ட மனிதரைப் பிடித்துப் பிரசங்கம் செய்ததாகிவிடும்.

நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை வெறுத்தவன். இந்தக் கலிலேயர் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளை மட்டுமன்றி நம் ஏழைகளையும் தாங்குகிறார்கள் என்று தன் பூசாரி ஒருவருக்கு எழுதிப் புலம்பினான். எதிராளியின் வாயிலிருந்து வந்த சான்று என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ஆனால் அந்தத் தாங்குதலுக்குப் பின்னால் முறையாகப் பணம் சேர்த்து, ஆள் ஒதுக்கிச் செய்த சபை ஒழுங்கு இருந்தது. நம் சபைகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று அக்காமார்தான் எல்லாவற்றையும் சுமக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் போனால் ஐந்து வீட்டு மருந்தும் நின்றுவிடும்.

அதனால் ஒரு வீட்டுக்கு எப்போதும் இரண்டு பேரை நியமியுங்கள், அவர்களில் ஒருவர் நாற்பது வயதுக்குக் கீழ். ஆண்களும் முறை வைத்துக்கொள்ளட்டும். ஞாயிறு காணிக்கை எண்ணுவது மட்டுமே மூப்பர் வேலை அல்ல. பெட்ரோல் செலவுக்குச் சபை நிதியிலிருந்து மாதம் ஒரு சிறு தொகை ஒதுக்கினால் ஏழை உறுப்பினரும் கூடப் போக முடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோப்புகளை எடுத்துப் பார்த்து, எந்த வீட்டுக்கு இனி நாம் தேவையில்லை, எதை வட்டார சமூகநல இலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும், யார் ஊர் மாறிப் போகிறார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். சமாரியனும் மறுநாள் தன் வழியே போனான், காயப்பட்டவனைச் சத்திரக்காரனிடம் ஒப்படைத்து, செலவுக்கும் வழி சொல்லிவிட்டு.